பின்னவலயா, உடவளவையா?

இலங்கையில் தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக இரண்டு இடங்கள் உருவாயின. பின்னவல 1975இல் தொடங்கியது, உடவளவை முகாம் 1995இல்.

பின்னவலயில் யானைகள் கடைத்தெரு வழியாக மகா ஓயா ஆற்றுக்குக் குளிக்கப் போகும். கண்கொள்ளாக் காட்சிதான், சரி. ஆனால் குளித்துவிட்டு அதே வளாகத்துக்குத்தான் திரும்ப வேண்டும். 1984 முதல் குட்டிகளும் அங்கேயே பிறக்கின்றன. அவை காட்டையே பார்க்காதவை.

உடவளவையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். புனலில் ஊற்றினால் குழாய் வழியாக வாய்க்குள் இறங்கும். குடித்து முடித்த குட்டி நகராமல் அடம்பிடிக்கும். பின்னால் நிற்பது முட்டித் தள்ளும். அப்புறம் எல்லாம் புதர்ப்பக்கம் போய்விடும். பார்வையாளர்கள் தள்ளி மேடையில்தான்; தொட்டுப் பார்க்க வழியில்லை (நல்லதுதான்). ஏறக்குறைய ஐந்து வயதானதும், கூட வளர்ந்த குட்டிகளோடு சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். முதல் குழு 1998இல் போனது.

என் ஓட்டு உடவளவைக்கு. ஆனால் கண்ணிவெடியில் பாதம் இழந்த சாமா போன்ற யானையை எந்தக் காட்டில் விடுவது? அதற்குப் பின்னவலதான்.