வீல்சேரில் ஓட்டல் ஓட்டலாகத் தங்கிய அனுபவம்: தூக்க ஆள் வேண்டாம், கதவை அகலமாக்குங்கள்

ரூம் புக் பண்ணப் போன் போட்டு, "நான் வீல்சேர்ல வர்றேங்க, வசதி இருக்கா?" என்று கேட்டால், சின்ன லாட்ஜிலிருந்து பெரிய ஓட்டல்வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் பிரச்சினையே இல்லை மேடம், நம்ம பசங்க தூக்கிடுவாங்க."

நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத நாலு ஆண்கள் எங்கே பிடித்துத் தூக்குவார்கள்? காலில் யூரின் பேக் கட்டியிருக்கும், குழாய் எதிலாவது மாட்டி இழுபட்டால் ரத்தம் வரும். படி விளிம்பில் கணுக்கால் உரசினாலும் எனக்குத் தெரியாது, ராத்திரி கால் துடைக்கும்போதுதான் தோல் உரிந்திருப்பது கண்ணில் படும், அப்புறம் அந்தப் புண் லேசில் ஆறாது. அதனால் தூக்கிவிடுவதை நான் வசதிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போய், நானே கட்டிலுக்கு மாறி, நானே பாத்ரூம் போய்வர முடிந்தால்தான் அது எனக்கு ரூம்.

வேலை காரணமாகப் பல வருடங்களாகத் தமிழ்நாட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பாதி நேரம் தனியாக, மீதி நேரம் தங்கையோடு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜ், கல்யாண மண்டபத்து ரூம், நட்சத்திர ஓட்டல் எல்லாவற்றிலும் தங்கியிருக்கிறேன். வாசலில் ரேம்ப் இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் எல்லாம் முடிந்துபோகும் இடம் பாத்ரூம் கதவு.

என் வீல்சேர், சக்கரத்தில் இருக்கும் கைவளையத்தையும் சேர்த்து 25 இன்ச். பழைய லாட்ஜ்களில் பாத்ரூம் கதவே இரண்டடிதான், அதாவது 24 இன்ச். கொஞ்சம் புதிய கட்டடங்களில் இரண்டரை அடி என்பார்கள், ஆனால் அது நிலையின் வெளி அளவு. நிலைக்கட்டையின் கனத்தைக் கழித்து, திறந்து நிற்கும் கதவின் கனத்தையும் கழித்தால் கையில் நிற்பது 25 இன்ச் இருந்தாலே அதிர்ஷ்டம், விரல் நசுங்காமல் உள்ளே போக முடியாது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 900 மில்லிமீட்டர் வழி விடச் சொல்கின்றன, கிட்டத்தட்ட மூன்றடி. புதிதாகக் கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் கொஞ்சம். கட்டி, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு இடித்து அகலப்படுத்துவதுதான் பெரிய செலவு.

மதுரையில் ஒரு சாதாரண ஓட்டலில் இதற்கு ஒரு தற்காலிக வழியைப் பார்த்தேன். சக்கரம் நிலையில் இடித்து நின்றுவிட்டது. அங்கே ஹவுஸ்கீப்பிங் பார்த்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், பேசாமல் போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்தார், கீலோடு கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, நிலையில் இரண்டு ஆணி அடித்து ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினார். கதவின் கனம் போனதில் ஒன்றரை இன்ச் கிடைத்தது, நான் உள்ளே போய்விட்டேன். "இப்ப யாரும் தூக்க வேணாம்லம்மா" என்றார். அந்த ஊருக்குப் போனால் இப்போதும் அங்கேதான் தங்குகிறேன், முன்கூட்டியே சொன்னால் கதவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பணமே செலவழிக்காமல் இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், கோடிக்கணக்கில் கட்டியவர்கள் செய்யாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நட்சத்திர ஓட்டல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு ரூமாவது இருக்க வேண்டும் என்பது சுற்றுலா அமைச்சகத்தின் தரவரிசை விதி. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதில் வேறு யாராவது தங்கியிருந்தால் அவ்வளவுதான். ஒரு பெரிய ஓட்டலில் அந்த ரூமைத் திறந்தபோது உள்ளே எக்ஸ்ட்ரா மெத்தைகளும் இஸ்திரி மேஜைகளும் அடுக்கியிருந்தன. அவசரத்துக்கு இழுக்கும் மணிக்கயிறு தரைவரை தொங்கினால்தான் கீழே விழுந்தவர் இழுக்க முடியும், அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டிருந்தார்கள், துடைக்கும்போது இடைஞ்சலாம். கட்டில் இன்னொரு தொல்லை. என் சீட் குஷனோடு 20 இன்ச் உயரம், சொகுசு மெத்தை போட்ட கட்டில் 26 இன்ச்சுக்கு நிற்கும். ஆறு இன்ச் மேலே உடம்பைக் கையால் ஏற்றுவது முடியாத காரியம். இரட்டை மெத்தையில் ஒன்றை எடுத்துவிடச் சொன்னால் வேலை முடிந்தது, ஆனால் அதைப் பெரும்பாலும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைப்பிடிக் கம்பி என்று காட்டுவதை நம்பாதீர்கள். நிறைய இடத்தில் அது துண்டு போடும் கம்பிதான், இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும், முழு எடையும் விழுந்தால் டைல்ஸோடு பெயர்ந்து வரும். போனதும் முதலில் வீல்சேரில் உட்கார்ந்தபடியே பலமாக இழுத்துப் பார்த்துவிடுங்கள். குளிக்கப் பிளாஸ்டிக் நாற்காலி கொடுப்பார்கள், ஈரத் தரையில் அதன் கால்கள் விரிந்துவிடும். ரேம்ப் கதையும் இப்படித்தான்: ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு, ஆறு இன்ச் படிக்கு ஆறடி வேண்டும். பல இடங்களில் இருப்பது லக்கேஜ் தள்ளுவண்டிக்காகப் போட்ட செங்குத்துச் சரிவு, அதுவும் வழவழ கிரானைட்டில், மழை பெய்தால் இறங்கவே பயம்.

மனிதர்கள் நடந்துகொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கார்டை நீட்டிக்கொண்டிருப்பேன், ரிசப்ஷனில் தங்கையைப் பார்த்து, "அவங்களுக்குக் காபியா டீயா?" என்பார்கள். பார்வையில்லாத என் தோழியிடம் கேட்டால் அவளுக்கு ரேம்ப் பிரச்சினை இல்லை. ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே வடிவ பாட்டிலில் இருப்பதும், லிஃப்டில் தடவித் தெரிந்துகொள்ள முடியாத டச் பட்டன் இருப்பதும்தான் அவள் பிரச்சினை. ஒரு பாட்டிலில் ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுத்தால் போதும் என்பாள். காது கேளாத நண்பருக்கு, கதவு மணி அடித்தால் எரியும் விளக்கும், ரிசப்ஷனுக்குச் செய்தி அனுப்ப ஒரு வாட்ஸ்அப் நம்பரும் தேவை. லெமன் ட்ரீ ஓட்டல்கள் பல வருடங்களாகக் காது கேளாதவர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் ஊழியர்களாகவும் இருக்கும் இடத்தில் இதையெல்லாம் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்வார்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தனியார் சேவைகளுக்கும் பொருந்தும். மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்து ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடங்களையும் சேவைகளையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வைக்கும் விஷயத்தில் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியது. மெரினாவில் 2022-இல் வீல்சேருக்காக மரப்பாதை போட்டார்கள். கடலைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ராத்திரி தங்க ரூம் கிடைக்காமல் அலையும் நிலை மாற இந்தத் தீர்ப்பு உதவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இப்போதைக்கு நான் புக் பண்ணும் முறை இதுதான். ஆப்பில் "வீல்சேர் வசதி" என்று போட்டிருப்பதை நம்புவதில்லை, பல சமயம் லிஃப்ட் இருந்தாலே அந்த டிக் விழுந்துவிடுகிறது. நேரே ஓட்டலுக்குப் போன் செய்து, பாத்ரூம் கதவை முழுசாகத் திறந்து, கதவிலிருந்து எதிர் நிலைவரை டேப் வைத்து ஒரு போட்டோ கேட்பேன். அப்புறம் கட்டில் உயரம், அப்புறம் பாத்ரூம் வாசலில் மேடு இருக்கிறதா என்று. ஓட்டல்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த மூன்று அளவையும் போட்டோவோடு உங்கள் ஆன்லைன் பக்கத்தில் போட்டுவிடுங்கள். சின்னதாக இருந்தாலும் போடுங்கள், அங்கே வந்து ஏமாறுவதைவிட எனக்கு அது எவ்வளவோ மேல்.

கோவையில் நான் வழக்கமாகத் தங்கும் இடத்தில் போன தடவை குளிக்க ஒரு ஸ்டூல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மறுபடி போகிறேன், மேனேஜர் வாங்கி வைத்துப் போட்டோவும் அனுப்பியிருக்கிறார். கால்களுக்கு ரப்பர் புஷ் இல்லை, போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.