பேசும் மரமா, வளையம் எண்ணும் மரமா: பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

போன பங்குனியில் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு பண்ணாரியிலிருந்து சத்தியமங்கலம் காட்டு வழியே திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டியும் அவள் சன்னலை விட்டு முகத்தை எடுக்காமல், "அத்தை, காடு எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் காடுதான், இலையெல்லாம் உதிர்ந்து முள்ளும் குச்சியுமாகச் சாம்பல் நிறத்தில் நின்றது. அவள் புத்தகங்களில் காடு என்றால் வானத்தை மறைக்கிற பச்சை. சரி, என்னதான் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

முதல் வகை, மரத்துக்குக் கண்ணும் வாயும் வைத்த கதைகள். மரம் அழும், கோடரிக்காரர் வருவார், பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் காப்பாற்றுவார்கள். நாலு வயசுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது, மரத்தின் மேல் பிரியம் வருகிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேம்பில் தழை ஒடித்து வெள்ளாட்டுக்குப் போடுகிற தாத்தா அந்தக் கதையில் கெட்டவர் ஆகிவிடுகிறார். மரத்தை வெட்டுவதற்கும் கிளை கழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இரண்டாவது வகை தகவல் புத்தகம். வேர், தண்டு, இலை என்று அம்புக்குறி போட்டிருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும், அதனால்தான் கோபமும் இதன்மேல்தான். அடிமரத்து வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனைமலைக் காட்டு டாப்சிலிப் தேக்கில் வளையம் தெளிவாகத் தெரியும், சரி. பொள்ளாச்சிப் பிள்ளை தினமும் பார்க்கிற தென்னையிலும் பனையிலும் ஆண்டு வளையமே கிடையாது. அதைவிட மோசம் பருவங்கள். அக்டோபரில் இலை உதிரும், அப்புறம் பனி கொட்டும் என்று போட்டிருக்கும். நம் சத்தியமங்கலம் காட்டில் ஐப்பசி மழையில் பச்சையாக இருக்கும், மாசி பங்குனியில்தான் மொட்டையாகும். அது வறட்சியைத் தாங்க மரம் செய்கிற ஏற்பாடு, மரம் செத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வரி இருந்திருந்தால் அவள் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

சிங்கத்தையும் புலியையும் ஒரே மரத்தடியில் உட்காரவைக்கிற காட்டுப் புத்தகங்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. இங்கே கொங்குப் பக்கத்தில் "காட்டுக்குப் போறேன்" என்றால் மானாவாரி நிலத்துக்குப் போவது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, பாருங்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல். செம்மறி வெள்வேலங்காயைத் தின்னும், விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். இதில் கண்ணும் வாயும் வைக்காமலே ஒரு முழுக்கதை இருக்கிறது. ஒரே மரத்தை ஒரு வருஷம் கூடவே இருந்து சொல்கிற புத்தகம் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து வயசு வரை முதல் வகை, அதற்கு மேல் இரண்டாவது வகையை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் திருத்திக் கொடுங்கள்.

நாங்கள் பருவங்கள் பக்கத்தில் மாதங்களை மாற்றி எழுதிவிட்டோம். ஐப்பசி மழை இறங்கியதும் அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அதே திம்பம் பாதையில் போகிறோம்.