கால்சியம் எலக்ட்ரோடு: புதியது என்று சொல்லிப் பழையதைத் தலையில் கட்டுகிறார்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் சின்ன லேப் நடத்துபவர்கள் இதைப் படித்துவிட்டு எலக்ட்ரோடு (ரத்தத்தில் கால்சியத்தை அளக்க மெஷினில் மாட்டும் சென்சார்) வாங்குங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் லேபின் அனலைசருக்குப் புதுச்சேரி டீலர் ஒருவரிடம் கால்சியம் எலக்ட்ரோடு வாங்கினோம். கம்பெனிப் பெட்டி, முழு விலைக்குப் பில், எல்லாம் சரி. அவருடைய சர்வீஸ் ஆளே வந்து மாட்டி, "கேலிப்ரேஷன் பாஸ் சார்" என்று திரையைக் காட்டிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் தொல்லை. ஒரே சாம்பிளை இரண்டு முறை வைத்தால் 1.08, 1.24 என்று வந்தது. அயனி கால்சியத்தின் (புரதம் எதோடும் ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் கால்சியம், எலக்ட்ரோடு அளப்பது இதைத்தான்) நார்மலே லிட்டருக்கு ஏறத்தாழ 1.15 முதல் 1.30 மில்லிமோல்தான். தைராய்டு ஆபரேஷன் முடிந்து, கால்சியம் குறைந்து விரலும் உதடும் மரத்துப்போகிறதோ என்று பார்க்க வருபவருக்கு இதில் எந்த எண்ணை எழுதித் தருவது? கால்சியம் ரிப்போர்ட்டையே நிறுத்திவிட்டு டீலரைக் கூப்பிட்டோம்.

"ரத்தத்தைத் திறந்து வைத்திருப்பீங்க" என்றார். காற்று பட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் ஏறி, அயனி கால்சியம் குறையும், உண்மைதான். ஆனால் அப்போதுதான் உடைத்த கண்ட்ரோல் ஆம்பூலும் (மெஷினைச் சோதிக்க, அளவு தெரிந்த திரவம் அடைத்த குப்பி) அதே மாதிரி ஆடியது. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தத்தைக் காட்டும் மில்லிவோல்ட் திரையைத் திறந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. கால்சியத்துக்கு இரண்டு மின்னூட்டம் என்பதால், அளவு பத்து மடங்கானால் நல்ல எலக்ட்ரோடு 30 மில்லிவோல்ட் அளவுக்குத்தான் நகரும். சோடியம், பொட்டாசியத்தில் பாதி. 1.25, 2.50 கேலிப்ரேட்டர்களுக்கு (மெஷினைச் சரிசெய்ய ஓட்டும், அளவு தெரிந்த திரவங்கள்) நடுவே சுமார் 9 வர வேண்டும். எங்களுக்கு வந்தது 5. இந்த நிலையில் ஒரு மில்லிவோல்ட் தடுமாறினாலே ரிசல்ட் 15 சதவீதம் மாறிவிடும். மெஷின் தானாகவே ஃபெயில் காட்டியிருக்கும். ஆனால் சர்வீஸ் ஆள் ஸ்லோப் (பத்து மடங்குக்கு எத்தனை மில்லிவோல்ட் நகர்கிறது என்பது) எல்லையைத் தளர்த்தி, கண்ட்ரோல் பொருந்தும்படி ரிசல்ட்டைத் திருத்தும் ஒரு ஃபேக்டரையும் போட்டு வைத்திருந்தார். நோயாளியின் உயிரோடு விளையாடும் வேலை இது.

எலக்ட்ரோடைக் கழற்றினால், தேதி லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள். புரதம் படிந்த பழைய சரக்கைக் கழுவி, உள்ளே திரவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாட்டியவுடன் கண்ட்ரோலை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்லோப், இரண்டு கேலிப்ரேட்டரின் மில்லிவோல்ட், ஃபேக்டர் பக்கம் மூன்றையும் போட்டோ எடுங்கள். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

டீலர் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எலக்ட்ரோடுக்கு வாரண்டி கிடையாதாம்.