நாலு கட்டமும் ஒரு ரிப்பேர் கிட்டும்: கன்சல்டன்டோடு மூன்று வருஷம்

"கன்சல்டன்ட் வைக்கலாமா, பிரயோஜனம் உண்டா?" என்று நண்பர் கேட்டார். போனில் சொல்ல ஆரம்பித்துக் குரல் உயர்ந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். எங்களுடையது பம்பு உதிரிபாகங்கள் செய்கிற நடுத்தரக் கம்பெனி. விற்பனை ஒரே இடத்தில் நின்றுபோன நேரத்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம்.

எனக்கு ஆகாதது அவர்களுடைய நாலு கட்டம். எதைக் கேட்டாலும் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. எந்தச் சந்தைக்குப் போகலாம் என்றால் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் 1957இல் போட்டுக் கொடுத்த கட்டம்: இருக்கிற பொருள், புதுப் பொருள், இருக்கிற சந்தை, புதுச் சந்தை. எந்தப் பொருளில் பணம் போடலாம் என்றால் 1970இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் கொண்டுவந்த கட்டம்: நட்சத்திரம், கேள்விக்குறி, பசு, நாய். சந்தை வளர்கிற வேகம் ஒரு பக்கம், அதில் நம் பங்கு இன்னொரு பக்கம். இரண்டும் குறைவென்றால் அந்தப் பொருள் நாய்.

எங்கள் கேஸ்கட், அதாவது பாகங்கள் சேருமிடத்தில் கசிவைத் தடுக்க வைக்கிற தகடு, நாய்க் கட்டத்தில் விழுந்தது. 22 வருஷமாக அதைச் செய்கிற ஃபோர்மேன் அண்ணன், "இதை வாங்க வர்றவன்தான் சார் மத்ததையும் வாங்குறான்" என்றார். யார் காதிலும் ஏறவில்லை. ஸ்லைடைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கேஸ்கட்டை நிறுத்தினோம். ஆறே மாதத்தில், நல்ல லாபம் தந்த மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டின் ஓரம் கசியாமல் தடுக்கிற பாகம்) ஆர்டரும் சரிந்தது.

ஏன் சரிந்தது என்று கண்டுபிடித்ததும் அந்தக் கன்சல்டன்ட்கள்தான். அதை மறைத்தால் பாவம். குழுவிலேயே இளையவரான ஒரு பெண் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு இரண்டு வாரம் பழைய பில்களோடு உட்கார்ந்தார். கேஸ்கட்டைத் தனியாக வாங்கியவர் அநேகமாக யாருமே இல்லை. கட்டம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எடை போடுகிறது. வாங்குகிறவர் அப்படியா வாங்குகிறார்?

அதோடு விடவில்லை. விட்டுப்போன வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டார். விலை சரியா, தரம் சரியா என்று எதுவும் கேட்கவில்லை. "பம்பு நின்ற அன்றைக்கு என்ன செய்தீர்கள்?" அவ்வளவுதான். கேஸ்கட்டுக்கு ஒரு கடை, சீலுக்கு ஒரு கடை, பேரிங்குக்கு ஒரு கடை என்று அலைந்த கதையை ஆளாளுக்குச் சொன்னார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் ரிப்பேர் கிட்: ஒரு மாடலுக்கு வேண்டியதெல்லாம் ஒரே பெட்டியில். முதலில் 40 பெட்டி மட்டும் கட்டி விற்றுப் பார்க்கச் சொன்னார். எந்த பேரிங் அளவு தவறு, எந்த மாடலுக்குக் கிராக்கி என்பதெல்லாம் அந்த 40லேயே தெரிந்துவிட்டது. இன்று கம்பெனி மறுபடி வளர்கிறது என்றால் இந்தப் பெட்டியால்தான்.

ஃபோர்மேன் சொன்னதை நாமே கேட்டிருந்தால் இந்தச் செலவே இல்லையே என்று வீட்டில் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் கேஸ்கட்டை நிறுத்தச் சொன்னதற்கும் பில், மறுபடி ஆரம்பிக்கச் சொன்னதற்கும் அதே ரேட்டில் பில். அது இன்னும் எரிகிறது.

பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. வைக்கலாமா என்றால், வேண்டாம் நண்பரே. போன வாரம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தார்கள். ரிப்பேர் கிட்டின் எதிர்காலம் என்று முதல் ஸ்லைடு: நாலு கட்டம். அந்தப் பெண்ணைக் காணோம். வேறு கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.