ட்ரையானா, போலரானா?

மாலிப்டினம் டைசெலினைடு என்ற குறைக்கடத்தியின் ஒற்றை அடுக்கில் கேட் மின்னழுத்தத்தைக் கூட்டி எலக்ட்ரான்களை நிரப்பினால், ஒளி நிறமாலையில் எக்சிட்டான் (ஒளி பட்டுக் கிளம்பிய எலக்ட்ரானும் அது விட்டுப்போன இடமான துளையும் சேர்ந்த ஜோடி) கோட்டுக்குச் சுமார் 25–30 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கீழே இன்னொரு கோடு தலைகாட்டும். அதை ட்ரையான் என்பதா, ஃபெர்மி போலரான் என்பதா? பெயர்ச் சண்டை போலத் தோன்றும். அப்படியில்லை.

ட்ரையான் பழைய படம். ஒரு துளை, இரண்டு எலக்ட்ரான், அவ்வளவுதான். இயற்பியலாளர் லாம்பர்ட் 1958-இல் முன்வைத்தார். 1993-இல் காட்மியம் டெலுரைடு குவாண்டம் கிணறுகளில் (எலக்ட்ரான்களை அடைக்கும் மெல்லிய அடுக்குகளில்) கண்டார்கள். அங்கே பிணைப்பு ஆற்றல் வெறும் 2–3 மில்லி எலக்ட்ரான் வோல்ட்.

போலரான் படத்தில் எக்சிட்டான் ஒரு எலக்ட்ரானை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவர் நுழைந்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் நகர்வார்களே, அதுபோல எலக்ட்ரான் கடலே அசைந்துகொடுக்கிறது. கீழ்க்கோடு ஈர்ப்புப் போலரான், மேல்கோடு விலக்குப் போலரான்.

எலக்ட்ரான் அடர்த்தி கூடக்கூட இரு கோடுகளும் விலகுவதைச் சிலர் போலரானுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது போதாது. ட்ரையானிலிருந்து பிய்த்த எலக்ட்ரானை நிரம்பிய கடலுக்கு மேலேதான் வைக்க முடியும், அதற்கு ஃபெர்மி ஆற்றலும் (கடலின் மேல்மட்டம் வரை ஏற்றும் ஆற்றல்) சேர்த்துச் செலவாகும் என்று ட்ரையான் தரப்பும் அதே விலகலை விளக்கிவிடுகிறது.

வித்தியாசம் தெரிவது எதிரொளிக்கும் இரு கண்ணாடிகளுக்கு இடையிலான நுண்குழியில் ஒளியை அடைக்கும்போது. தனி ட்ரையான் ஒளியோடு வலுவாகப் பிணைய வழியில்லை. கடலில் எந்த உந்தத்தில் இருந்த எலக்ட்ரான் சிக்கியதோ, அந்த உந்தத்தோடு அது பிறக்கிறது. ஈர்ப்புப் போலரானோ கட்டுண்ட நிலைகளும் வெறும் எக்சிட்டானும் ஒத்திசைந்து கலந்தது. அந்த எக்சிட்டான் பங்குதான் ஒளியைப் பிடிக்கிறது. சூரிச் இ.டி.எச் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் இமாமோக்லுவின் குழு 2017-இல் வெளியிட்ட அளவீட்டில் கீழ்க்கோடே நுண்குழி ஒளியோடு கலந்து தெளிவாக இரண்டாகப் பிளந்தது, வலுவான பிணைப்பின் அடையாளம் அது. அதைப் பார்த்த பிறகு, உறிஞ்சலுக்கும் நுண்குழிக்கும் போலரானைத் தவிர வேறெதையும் நான் எடுக்கமாட்டேன்.

அதற்காக ட்ரையானை ஓரங்கட்டவும் முடியாது. எலக்ட்ரான்கள் மிகக் குறைவாக இருந்தால் இரு கணக்கும் ஒரே விடையைத் தரும், ட்ரையான் கணக்கு எளிது. குறைபாடுகளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கிடக்கும் மாதிரிகளிலும் அது பொருந்தும். அப்புறம் ஒளி உமிழ்வு: ட்ரையான் அழியும்போது மிஞ்சும் எலக்ட்ரான் உதைபட்டு ஆற்றலில் கொஞ்சத்தை எடுத்துப் போகிறது. வெப்பநிலை ஏற ஏற, கோட்டின் கீழ்ப்பக்கத்தில் வால் நீளும்.