சான் டியாகோவைச் சுற்றிப் பார்க்க ஆர்வியா, காரா, ரயிலா?

12 மோட்டர்ஹோம், 24 பேர், நாலு நாள் என்று ஒரு ஆர்வி (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) கிளப் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குக் கிளம்பினால் முதலில் எழும் கேள்வி, வண்டிகளை நிறுத்தித் தங்கும் எந்தப் பார்க்கில் இடம் போடுவது என்பதுதான். அதற்கும் முன்னால் முடிவு செய்யவேண்டியது, அங்கிருந்து ஊருக்குள் எதில் போய்வருவது என்பது. கடற்கரை அழகைப் பார்த்து இடம் பிடித்துவிட்டு, பிறகு நிறுத்த இடம் தேடியே பாதி விடுமுறையைத் தொலைக்கும் குழுக்கள் நிறைய. நகர மையத்துக்கு ரயில், கடல் முனைகளுக்குக் கார் என்று பிரித்துக்கொள்வதே இந்த ஊருக்குப் பொருந்தும். ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

ஆர்வியையே ஓட்டிப் போவது

22 அடி கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம். 30 அடிக்கு மேல் என்றால் வேண்டாம். கிளம்பும் முன் மின் இணைப்பைக் கழற்றி, கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி, ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) உள்ளே இழுத்து, வண்டியைச் சமமாகத் தாங்கும் ஜாக்கை ஏற்றி, அலமாரிக் கதவுகளை அடைக்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும். திரும்பி வந்ததும் அத்தனையும் மறுபடி. பேருந்து மாதிரி இருக்கும் பெரிய கிளாஸ் ஏ வண்டியின் அகலம் எட்டரை அடி, உயரம் 12 அடிக்கு மேல். நகர மையத்தின் அடுக்குமாடி நிறுத்துமிடங்கள் எதிலும் நுழையாது. தெருவில் மீட்டர் போட்ட இடங்களோ ஒரு காருக்கு அளந்து வைத்தவை. 27 அடி நீளமும் 7 அடி உயரமும் தாண்டிய வண்டியை அதிகாலை 2 முதல் 6 மணி வரை பொதுத் தெருவில் நிறுத்தக் கூடாது என்று நகராட்சி விதியும் இருக்கிறது. ஆகவே 'ராத்திரி அங்கேயே போட்டுவிட்டுக் காலையில் எடுக்கலாம்' என்ற கணக்கும் செல்லாது.

விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள கொரோனாடோவுக்குப் போகும் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1969-இல் திறந்த இந்தப் பாலம் நீர்மட்டத்திலிருந்து 200 அடி உயரம் எழும்பி வளைகிறது. ஐந்து தடம், வண்டியை ஒதுக்கி நிறுத்த ஓரம் கிடையாது, பக்கச் சுவர் 34 அங்குலம்தான். பக்கவாட்டுக் காற்றில் உயரமான வண்டி ஆடும்போது ஓட்டுநரின் கண்ணுக்குச் சுவருக்குப் பதில் கடல்தான் தெரியும். சில்வர் ஸ்ட்ராண்ட் மாநிலக் கடற்கரையில் தங்குபவர்கள் ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, பாம் அவென்யூவில் இறங்கி, 75-ஆம் சாலையைப் பிடித்தால் பாலத்தைத் தொடாமலே போய்ச் சேரலாம். வழி முழுக்கத் தரைமட்டம்.

பின்னால் கட்டி இழுத்துவரும் கார்

ஆர்விக்காரர்கள் வாயில் இதன் பெயர் 'டோட்'. லா ஹோயா, சன்செட் கிளிஃப்ஸ், பாயிண்ட் லோமா என்ற கடலோர இடங்கள் மூன்றுக்கும் இதை விட்டால் நல்ல வழியில்லை. 24 பேருக்கு 12 கார் எடுக்க வேண்டாம், காருக்கு நாலு பேராக 6 கார் போதும். லா ஹோயாவில் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 6 காரும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போனால் ஒன்றுகூட நிற்காது. சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு அரை மணி இடைவெளியில் கிளம்ப வேண்டும்.

நாலு சக்கரமும் தரையில் ஓட எல்லாக் காரையும் இழுக்க முடியாது. 2014 வரை வந்த ஹோண்டா சிஆர்-வியை இழுக்கலாம். 2015-இல் சிவிடி என்ற படியில்லாத தானியங்கி கியர்பாக்ஸ் வந்தபின் அது முடியாது. இழுத்தால் உள்ளே எண்ணெய் சுழலாமல் கியர்பாக்ஸ் தீய்ந்துவிடும். ஜீப் ராங்லரில் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் போட வேண்டும். மெயின் கியரை மட்டும் நியூட்ரலில் போட்டுவிட்டு நகர்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எந்தக் காராக இருந்தாலும் அதன் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

கழற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்க்கின் வளைவான உள்சாலையில் நிறுத்திக் கழற்றப் போனால், காரை மோட்டர்ஹோமோடு பிணைக்கும் டோ பாரின் கை இறுகி, நெம்புகோல் அசையாது. சுத்தியலை எடுக்க வேண்டாம். மோட்டர்ஹோமை அசையாமல் நிறுத்திவிட்டு, காரை ஓரிரு அங்குலம் முன்னோ பின்னோ நகர்த்தினால் இறுக்கம் விட்டுவிடும். நேரான, சமமான தரையில் நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. கார் கட்டியிருக்கும்போது மட்டும் ஒருபோதும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. காரின் முன்சக்கரம் தன்போக்கில் திரும்பும், டோ பார் வளையும். தப்பான சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கிக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். மோட்டர்ஹோமும் காரும் சேர்ந்து 65 அடியைத் தாண்டக் கூடாது. வாடகை ஆர்வியில் வருபவர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் இழுக்கவே அனுமதிக்காது. அவர்கள் மற்றவர்கள் காரில் தொற்றிக்கொள்ளலாம், அல்லது ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுக்கலாம்.

நகர ரயிலும் படகும்

சான் டியாகோவின் புளூ லைன் 1981-இல் ஓடத் தொடங்கிய பழைய தடம். தெற்கே எல்லைச் சாவடியான சான் இசிட்ரோவில் தொடங்கி, சூலா விஸ்டா வழியாக நகர மையம் வந்து, 2021-இல் நீட்டிய பாதையில் பல்கலைக்கழகப் பக்கம் வரை போகிறது. சூலா விஸ்டாவில் தங்குவது நல்லது என்பது இந்த ரயிலுக்காகத்தான். அங்குள்ள கேஓஏ என்ற ஆர்வி பார்க்கிலிருந்து ஈ ஸ்ட்ரீட் நிலையம் நடக்கக் கொஞ்சம் தூரம். இரண்டு கார் மாறிமாறி இறக்கிவிட்டால் முழுக் குழுவும் சேர்ந்துவிடும். அமெரிக்கா பிளாசாவில் இறங்கினால், 2004 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் மிட்வே விமானந்தாங்கிக் கப்பல் நடை தூரம்தான்.

ஒரு பயணம் 2.50 டாலர், பிரான்டோ என்ற பயண அட்டையில் ஒரு நாளைக்கு 6 டாலருக்கு மேல் பிடிக்காது, இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் தனிக் கட்டணம் இல்லை. 65 வயதானவர்கள் வயதுச் சான்றைப் பதிந்துகொண்டால் பாதிதான். இது 2024 வரை இருந்த கட்டணம். கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். அந்தக் கணக்கில் 24 பேரும் முழுக் கட்டணம் கொடுத்தாலும் நாளுக்கு 144 டாலரில் முடிகிறது. 6 காரை நகர மையத்தில் நாள் முழுக்க நிறுத்தும் செலவையும் அலைச்சலையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். நடைமேடையில் தடுப்புக் கதவு கிடையாது. பேச்சு சுவாரசியத்தில் அட்டையைக் கருவியில் தொடாமலே ஏறிவிடுவார்கள். பரிசோதகர் வந்தால் அபராதம். ஆளுக்கு ஓர் அட்டை வாங்கி, குழுவில் ஒருவர் நடைமேடையில் நின்று எல்லோரும் தொட்டார்களா என்று எண்ணி ஏற்றுவது நல்லது. இரண்டாவது, பெயர்க் குழப்பம். பால்போவா அவென்யூ நிலையத்தில் இறங்கினால் பால்போவா பார்க் வராது. மைல் கணக்கில் வேறு பக்கம். விலங்குக்காட்சிசாலைக்கும் பார்க்குக்கும் நகர மையத்திலிருந்து 7 அல்லது 215 பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

கொரோனாடோவுக்குப் பாலத்தை மறந்துவிட்டு பிராட்வே துறையிலிருந்து படகில் போங்கள். கால் மணி நேரம். நீர்மட்டத்திலிருந்து நகரமும் போர்க்கப்பல்களும் ஒரே பார்வையில் விரிவது இந்தப் பயணத்தில் மட்டும்தான். இறங்கியபின் 1888-இல் திறந்த மரமாளிகை, ஹோட்டல் டெல் கொரோனாடோ, ஒன்றரை மைல். நடக்க முடியாதவர்களுக்கு 904 பேருந்து இருக்கிறது. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கவுரைச் சுற்றுலா வண்டி

ஓல்டு டவுன் டிராலி என்பது ரயில் இல்லை. டிராலி மாதிரி செய்த பேருந்து. நகர ரயிலுக்கும் உள்ளூரில் டிராலி என்றே பெயர். 'காலை 9 மணிக்கு டிராலி' என்று மட்டும் குறுஞ்செய்தி போனால் பாதிப்பேர் ஒரு பக்கம், மீதிப்பேர் இன்னொரு பக்கம் காத்திருப்பார்கள். ஒரு சுற்று சுமார் இரண்டு மணி நேரம். வேண்டிய இடத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏறலாம். முழங்கால் வலியுள்ளவர்களுக்கும், ஒரே நாள் தங்குபவர்களுக்கும் இதுவே சிறந்தது. கொரோனாடோ பாலத்தையும் வேறொருவர் ஓட்ட, நிம்மதியாகப் பார்க்கலாம். ஆனால் நடுவழி நிறுத்தத்தில் 24 பேருக்கு ஒரே வண்டியில் இடம் கிடைக்காது. ஆறு ஆறு பேராகப் பிரிந்துவிடுங்கள். விலையில் ரயிலோடு ஒப்பிடவே முடியாது.

பாயிண்ட் லோமாவுக்கு ஒரு நாள்

கார்களை மிச்சம் பிடித்து வைப்பது இதற்காகத்தான். 1542-இல் ஸ்பெயினுக்காகக் கடலோடி வந்த கப்ரியோ கரையிறங்கியதை நினைவுகூரும் தேசிய நினைவிடம், 1855-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், கீழே பாறைக் குளங்கள். நுழைவுக் கட்டணம் வண்டிக்கணக்கு, ஆள்கணக்கு இல்லை. காரை நிரப்பிப் போவது லாபம். 62 வயதான அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தர வாசிகளின் தேசியப் பூங்கா முதியோர் அட்டை இருந்தால் அந்தக் கார் முழுவதற்கும் அதுவே போதும்.

மே, ஜூனில் கடல்மேகம் நண்பகல் வரை முனையை மூடிவிடும். காலையில் போனால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், பிற்பகல் போங்கள். பாறைக் குளங்களைப் பார்க்கக் குளிர்காலம்தான் சரி, அப்போதுதான் பெரிய வற்றம் (கடல்நீர் மிகத் தாழும் நேரம்) பகலில் வருகிறது. வற்ற அட்டவணையில் பூஜ்யத்துக்குக் கீழே எண் காட்டும் பிற்பகலைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக இறங்குங்கள். கீழே நிறுத்துமிடம் சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும். பாசிப் பாறை வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். குளங்களின் பகுதியை மாலை 4:30-க்கு மூடிவிடுவார்கள். வற்றம் 4 மணிக்கு என்று அட்டவணை சொன்னால், அந்த நாளை விட்டுவிட்டு வேறு நாளைப் பாருங்கள்.