சணல் நெய்த எள்ளுப்பாட்டியும் ஒரு காலிக் கட்டமும்: நாலு வருட அனுபவம்

பெரம்பூரில் இருக்கும் என் பழைய தோழி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள், "நாலு வருஷமா அந்த ஸ்காட்லாந்து பதிவேட்டோட மல்லுக்கட்டுறியே, நானும் காசு போடட்டுமா, வேண்டாமா?" அவளுடைய அப்பாவழித் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர், ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோர்மேனாக வந்தவர். பதிலை வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்து ஒன்பது நிமிடம் ஆகியும் முடியாததால் இங்கே எழுதுகிறேன். அவள் கேட்பது ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் பற்றி, ஸ்காட்லாந்தின் பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளைக் காசு கட்டிப் பார்க்கும் தளம். அதில் கணக்குத் தொடங்குவது எப்படி, கிரெடிட் (முன்பணம் கட்டி வாங்கும் புள்ளி) வாங்குவது எப்படி என்பதெல்லாம் பணம் போட்டவர்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

நான் 31 வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் கிறுக்கல் கையெழுத்தைப் படிப்பதும் எனக்குப் பழகிப்போன வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஸ்காட்லாந்தில், டண்டீ நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை இந்த ஊர்க்காரர். 2021இல் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். எங்கள் பக்கம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அவள் அப்பா பக்கம் சம்பந்தியம்மாவின் அம்மாச்சியோடு நின்றுவிட்டது. பேத்திக்கு அவர் எள்ளுப்பாட்டி. சணல் ஆலையில் வேலை செய்தார், சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார், இவ்வளவுதான் சம்பந்தியம்மாவுக்கு ஞாபகம். அந்தம்மா இறந்த 1956இல் இவருக்கு ஒன்பது வயது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை, பாட்டி என்றே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் பெயர்ப்பட்டியலில் தேடுவது இலவசம். உள்ளே போய் அசல் பக்கத்தின் படத்தைப் பார்க்க 6 கிரெடிட், அதாவது ஒன்றரைப் பவுண்டு. பிறப்பு என்றால் 100 வருடம், கல்யாணம் 75, இறப்பு 50 வருடம் கடந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்கியது. அந்த முதல் வருடம் மட்டும் அப்பா அம்மாவின் வயது, பிறந்த ஊர், முன்னால் பிறந்த பிள்ளைகள் என்று ஆசையாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள், மறுவருடமே குறைத்துவிட்டார்கள். எழுதி எழுதிக் கை ஒடிந்திருக்கும். எனக்குப் புரிகிறது.

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொன்று. எங்கள் பத்திரங்களில் ஒரு பெண் வந்தால் "இன்னார் மனைவி இன்னார்". அவள் பிறந்த வீடு எது என்று அந்தக் காகிதத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே பாட்டியின் இறப்புப் பதிவைத் திறந்தால் கணவரின் குடும்பப் பெயரும் இருக்கிறது, அவர் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது, கீழே அப்பா பெயர், அம்மா பெயர், அந்த அம்மா பிறந்த வீட்டுப் பெயர் என்று ஒரே வரிசையில் மூன்று குடும்பங்கள்! பட்டியலில் எந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் அதே பெண் வந்து நிற்கிறார். பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் பெற்றோர் கல்யாணம் செய்த தேதியும் ஊரும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பதிவுக்கு ஒரே தாவல். கல்யாணப் பதிவில் மறுபடி இரண்டு பக்கத்து அம்மாக்களும் பிறந்த வீட்டுப் பெயரோடு. பத்திரப் பதிவில் கிடந்தவளுக்கு இது தேன். முதல் வாரம் நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பாட்டி பிறந்தது 1874, டண்டீயை ஒட்டிய லாக்கியில். அங்கே அயர்லாந்துக்காரர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் அந்தப் பகுதிக்கு "லிட்டில் டிப்பரரி" என்றே பெயர். பாட்டியின் அம்மாவும் அயர்லாந்துதான். பிறப்பைப் பதிந்தபோது அந்தம்மா கையெழுத்துப் போடவில்லை, ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "இவரது குறி" என்று பதிவாளரின் சாட்சி. நம் ஊர்க் கைநாட்டு. 1872இல் சட்டம் வந்து ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் போயாக வேண்டும் என்றானது. பாட்டி அதற்குப் பின் பிறந்தவர். அதனால் 1894ஆம் வருடப் பக்கத்தில் அவரே போட்ட கையெழுத்து இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு. அதைப் பார்த்த அன்று சம்பந்தியம்மா ஃபோனில் ஒன்றும் பேசவில்லை.

1894இல் என்ன கையெழுத்து என்கிறீர்களா? முதல் குழந்தையின் பிறப்புப் பதிவு. கல்யாணத்துக்கு முன்னால் பிறந்தது. அப்பா பெயர் இல்லை. குழந்தையின் பெயருக்குக் கீழே "இல்லெஜிடிமேட்" என்று கொட்டை எழுத்தில். சம்பந்தியம்மா எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று ரெண்டு நாள் சொல்லாமலே வைத்திருந்தேன். அவர் "அதனாலென்ன" என்றுவிட்டார். சரி, என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

அந்தப் பதிவில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் தொழில் எழுதியிருக்கிறது: சணல் நெசவாளர். 1891 மக்கள்தொகைக் கணக்கிலும், பதினேழு வயதில், சணல் நெசவாளர். (அந்தக் கணக்கில் ஒரு கட்டம் உண்டு, ஜன்னல் வைத்த அறை எத்தனை என்று. இவர்கள் வீட்டுக்கு 1. ஆட்கள் 6.) 1896 கல்யாணப் பதிவிலும் சணல் நெசவாளர், அடைப்புக்குறிக்குள் ஸ்பின்ஸ்டர், அதாவது மணமாகாதவர். நூல் நூற்பவள் என்பதிலிருந்து வந்த சொல். டண்டீயில் நெசவுப் பெண்கள் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள், நூற்கும் பெண்களுக்குத் தலையில் போர்த்திய சால்வைதான், ரெண்டு கூட்டமும் ஒட்டாது. ஒரு நெசவுக்காரியைக் கல்யாணத்தன்று நூற்பவள் என்று எழுதியதைப் பாட்டி எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ.

கல்யாணம் ஆனதும் போயிற்று. 1901 கணக்கில் தொழில் கட்டம் காலி. பிறகு பிறந்த பிள்ளைகள் ஏழு பேரின் பதிவிலும் அப்பாவுக்கு "துறைமுகக் கூலி", அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் கேட்கவே இடம் இல்லை. கணவன் இல்லாத பெண்ணுக்கு மட்டும் தொழில் எழுதுவார்களாம். யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளின் பதிவுகளில் அவமானப்படுத்திய அந்த ஒரே பக்கத்தில்தான் அவர் வேலை செய்தார் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 1911இல் மணமான பெண்களிடம் புதிதாக ஒரு கேள்வி, கல்யாணமாகி எத்தனை வருடம், பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை: 15, 7, 4. இவ்வளவு கேட்டவர்கள் பக்கத்துக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இந்தக் கணக்குப் புத்தகங்களில் நாம் பார்ப்பது வீட்டார் கையெழுத்து அல்ல, கணக்கெடுப்பாளர் படிவத்தைப் பார்த்து நகல் எடுத்தது. எனக்கு அந்த ஆளின் "மேற்படி, மேற்படி" கூடக் கண்ணை மூடினால் தெரிகிறது.

மாப்பிள்ளை நியாயஸ்தர். "ஏழு பிள்ளைகள் அத்தை, உண்மையிலேயே வீட்டில் இருந்திருக்கலாமே" என்றார். இருந்திருக்கலாம். ஆனால் இது டண்டீ. வங்காளத்துச் சணலைத் திமிங்கில எண்ணெய் விட்டு மெத்தென்றாக்கி நெய்த ஊர். பெண்களுக்குக் கூலி குறைவு என்று ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களையே எடுத்தார்கள், "ஷீ டவுன்" என்றே பட்டப்பெயர் வந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த கணவன்மாருக்கு "கெட்டில் பைலர்", கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைப்பவன் என்று பெயர். 1905இல் டண்டீ சோஷியல் யூனியன் என்ற சமூக அமைப்பு போட்ட அறிக்கை ஆலைக்குப் போன தாய்மாரையும் அவர்களுடைய கைக்குழந்தைகளையும் பற்றிப் பேசுகிறது. அந்த ஊரில் துறைமுகக் கூலிக்கு வேலை கிடைத்த நாளிலும் துறைமுகக் கூலிதான், கிடைக்காத நாளிலும் துறைமுகக் கூலிதான், கட்டம் நிரம்பிவிடும். இந்த அம்மாவுக்கு மட்டும் வெள்ளைக் காகிதம். அப்புறம் அந்த வாயசைப்பு! தறிச் சத்தத்தில் காது போன நெசவுப் பெண்கள் வாயசைவையும் கைஜாடையையும் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வயதில் வேலையை விட்டவருக்கு எண்பது வயது வரை அந்தப் பழக்கம் நிற்குமா?

கையில் ஆதாரம் இல்லை. எழுத்தர் புத்தி, ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத வராது.

1921 மக்கள்தொகைக் கணக்கை 2022 நவம்பர் 30 அன்று எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அதில் வேலை கொடுப்பவர் யார், வேலை இடம் எது என்றும் கேட்டிருந்தார்கள். அன்று ராத்திரி பார்த்தேன். விதவை, 47, சணல் நெசவாளர், கேம்பர்டவுன் வொர்க்ஸ். கணவர் 1917இல் நிமோனியாவில் போயிருந்தார். அவர் போனதும் கட்டம் நிரம்பிவிட்டது! மகளை எழுப்பிச் சொன்னேன், அவள் "அம்மா, மணி பன்னிரண்டு" என்றாள். கேம்பர்டவுன் ஆலையின் புகைபோக்கி, 282 அடி, கோடு போட்ட செங்கல், இன்றும் லாக்கியில் நிற்கிறது. பேருந்தில் போகும்போதெல்லாம் பார்ப்பேன், அதுவரை எனக்கு அது வெறும் அடையாளம்.

1956 இறப்புப் பதிவு? "துறைமுகக் கூலியின் விதவை." அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருடம் முன்னால் செத்தவரின் தொழில் இருக்கிறது, செத்துக்கிடப்பவருடையது இல்லை. தகவல் சொன்னவர் என்று பாட்டியின் மருமகன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதிவாளரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, வந்தவர் சொன்னதைத்தான் நாங்களும் எழுதுவோம். தளத்தையும் திட்ட முடியாது, அவர்கள் எழுதாததை அது எங்கிருந்து காட்டும்? அதனால்தான் இந்தக் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் உங்களிடம் கொட்டுகிறேன்.

இதே டண்டீயில் வேறோர் ஆலையில் பதினோரு வயதில் பாதி நாள் வேலை, பாதி நாள் பள்ளி என்று தொடங்கிய மேரி ஸ்லெஸ்ஸர் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம், 1997இல் கிளைட்ஸ்டேல் வங்கி 10 பவுண்டு நோட்டில் படமே போட்டது. அவர் ஆலையை விட்டு மிஷனரியாக இன்றைய நைஜீரியாவில் இருக்கும் காலபார் போனார். போகாமல் தறியிலேயே நின்றவர்களுக்கு ஒன்றரைப் பவுண்டுப் பக்கங்கள்தான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை 66 பக்கம், 99 பவுண்டு. அதில் 14 பக்கம் தப்பான பெண்கள், என் அவசரம். மூத்த பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர், மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர் என்று வைப்பது இங்கே வழக்கம், நம் வீடுகளைப் போலவே. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று மேரி இருப்பார்கள். கணவர் பெயரையும் வயதையும் ஒத்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நடுவில் குடும்ப மரம் போடுகிற ஒரு சந்தா தளத்திலும் ஆறு மாதம் இருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே யாரோ எங்கள் பாட்டியைக் கனடாவில் செத்ததாகப் போட்டிருந்தார்கள், அதை இன்னும் பதினொரு பேர் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குகிற கூட்டம். பாட்டியின் அம்மாவழியில் மேலே போக முடியவில்லை, கணக்கில் பிறந்த இடம் "அயர்லாந்து" என்று மட்டும் இருக்கிறது, மாவட்டம் இல்லை, அங்கே 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தே போனது.

அதனால் தோழிக்குப் பதில். உன் தாத்தா ஆண், சம்பளப் பட்டியலில் இருந்தவர், எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், பத்துப் பவுண்டில் முடிந்துவிடும், தாராளமாகப் போடு. ஆனால் அவர் அம்மாவைத் தேடப் போகிறேன் என்றால் வேண்டாம். இதைவிட ஒழுங்காக வைத்த பதிவேட்டை நான் பார்த்ததில்லை, இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், தூக்கம் போய்விடும்.

எனக்கு இன்னும் 12 கிரெடிட் மிச்சம் இருக்கிறது. அந்த 1894 குழந்தை, 1901இல் பாட்டி வீட்டில் இல்லை, 1911 கேள்வி அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது என்பதால் அந்த ஏழில் இவளுக்கு இடமில்லை. அவள் பெயரில், ஒத்துவருகிற வயதில், டண்டீயில் மூன்று இறப்புகள் பட்டியலில் இருக்கின்றன. பன்னிரண்டுக்கு இரண்டு பக்கம்தான் திறக்கும். எந்த இரண்டு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.